வாசலுக்கு எத்தனை படி?

யானைக்கவுனியிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் நான்கு பக்கம் நீள்கிறது. அதன் சாரத்தை மட்டும் தருகிறோம். அரைக் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைந்த மனை. பாட்டனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடித்துவிட்டு அதில் புதிதாகக் கட்டவிருக்கிறார். வரைபடம் தயார், வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டின் தரையை எவ்வளவு உயரத்தில் அமைப்பது என்பதில் குடும்பம் இரண்டுபட்டு நிற்கிறது. 2023 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த நீர் கட்டிலின் சட்டத்தைத் தொட்டதை மறவாத மகன், நான்கரை அடிக்கு ஓர் அங்குலமும் குறையக்கூடாது என்கிறான். முழங்கால் வலியால் வருந்தும் எழுபத்தாறு வயதுத் தாயார், "என்னை மேலே ஏற்றி வைத்தால் பிறகு பூசைக்கும் இறங்கமாட்டேன், கடைக்கும் இறங்கமாட்டேன்" என்கிறார். மேஸ்திரிக்கு இந்த வழக்கில் அக்கறையே இல்லை. "எல்லாரும் மூணடி வைக்கிறாங்க, நாமும் மூணடி வச்சிடுவோம் சார்" என்பதோடு அவர் முடித்துக்கொள்கிறார். பொதுச் சுவருக்கு அப்பால் குடியிருக்கும் கைம்பெண்ணோ, கோவிலில் சந்திக்கும்போதெல்லாம், "நீங்கள் ஏற்றினால் உங்கள் தண்ணீரும் என் வீட்டுக்குத்தானே வரும்?" என்று கேட்கிறாராம்.

அன்பரைப் பெரிதும் வருத்துவது இந்த நான்காவது குரலே என்று கடிதத்தின் போக்கிலிருந்து தெரிகிறது. ஆயினும் முதலில் நீரின் போக்கைப் பார்ப்போம்.

யானைக்கவுனி என்பது பழைய கறுப்பர் நகரத்து மதிலின் வாயில் ஒன்றின் பெயர். 1758–59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுச் சென்றபின் கும்பினியார் நகரைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினர். அதன் செலவுக்காகக் குடிகள்மீது வரி விதிக்க எண்ணினர் என்பதை வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மதிலில் எஞ்சிய துண்டைப் பழைய சிறைச்சாலைச் சாலையில் காணலாம். யானைக்கவுனியில் வாயிலும் இல்லை, மதிலும் இல்லை. ஆனால் நகரத்தின் மேற்கோரத்துத் தாழ்ந்த நிலம் என்னும் தன்மை மட்டும் மாறவில்லை.

சென்னை நிலம் கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக ஆறேழு மீட்டர்தான் உயர்ந்துள்ளது. சரிவும் மிகக் குறைவு. ஓட்டேரி நல்லா பேசின் பாலத்தின் அருகே பக்கிங்காம் கால்வாயில் வந்து சேர்கிறது. வியாசர்பாடிப் பக்கத்து நீரைக் கேப்டன் காட்டன் கால்வாய் அதே கால்வாய்க்கு ஏந்தி வருகிறது. எல்லா நீரையும் ஏற்கும் பக்கிங்காம் கால்வாயோ, 1806இல் எண்ணூர்ப் பக்கமாக வெட்டத் தொடங்கி, 1877–78 பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தபின் இன்றைய பெயரைப் பெற்றது. படகு போவதற்கென்று மட்டமாக வெட்டியதேயன்றி, வெள்ளம் விரைந்து வடிவதற்கென்று வெட்டியதன்று. கடல் ஏறியிருக்கும் வேளையிலும் முகத்துவாரம் மணலால் தூர்ந்திருக்கும் வேளையிலும் கால்வாய் நீர் நகராது. அது நகராவிட்டால் தெருவின் வடிகாலும் நகராது. ஆத்துமாக்கள் மாதமும் அதனை அடுத்த திருவருகைக் காலமும் நம் பகுதிக்கு மழைக்காலமாதலின், 1943, 1976, 1985, 2005, 2015, 2021, 2023 என்னும் ஆண்டுகளை நம் குடும்பங்கள் ஞானஸ்நானத் தேதிகளைப்போல நினைவில் வைத்திருக்கின்றன.

எனவே நீர் வரும். எவ்வளவு வரும் என்பதே கேள்வி. அதற்கு விடை பொறியாளரின் மேசையில் இல்லை. அந்தந்தத் தெருவின் சுவரில் இருக்கிறது.

மனையின் மண்ணிலிருந்து அளப்பதே நம்மவர் செய்யும் முதல் தவறு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் பேஸ்மட்டம் சுற்றுநிலத்துக்கு மேல் 450 மில்லிமீட்டருக்குக் குறையாதிருக்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய ஒன்றரை அடி. நல்ல விதிதான். ஆனால் அன்பரின் மனை, தெருவின் நடுமேட்டைவிட ஓரடி தாழ்ந்து கிடப்பதாக அவரே எழுதுகிறார். விதிப்படி மண்ணிலிருந்து ஒன்றரை அடி ஏற்றினால், தெருவுக்கு மேல் நிற்பது அரையடிதான். ஒரு நல்ல மழைக்கு அது தாங்காது. ஆதலின் தெருவின் நடுமேட்டைச் சுழியமாகக் கொண்டு அங்கிருந்து மேலும் கீழும் எண்ணுங்கள்.

அந்தச் சுழியமும் நிலையானதன்று என்பதுதான் நம் ஊரின் வேடிக்கை. யானைக்கவுனி, சவுகார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். தெருவிலிருந்து படியேறித் திண்ணையை அடைந்த காலம் போய், தெருவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகும் காலம் வந்துவிட்டது. வீடு அமிழவில்லை, தெருதான் வளர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேல் இரண்டு அங்குலம், மறுபடியும் இரண்டு அங்குலம் என்று போட்டுக்கொண்டே போனதன் பயன் இது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆணையிட்டார். நல்ல ஆணை. உங்கள் தெருவில் சாலை போடும் இரவில் விழித்திருந்து, சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பார்ப்பதும், வராவிடில் கேட்பதும் குடிமக்களின் கடமை. ஆயினும் வீடு கட்டுபவர் ஆணையை நம்பி ஒரு சாண் இடைவெளியை விட்டுவிடாமல், ஆணையையும் வைத்துக்கொண்டு சாணையும் வைத்துக்கொள்வதே விவேகம். ஒரு சாண் ஒன்பது அங்குலம்; நான்கு முறை சாலை போடுவதற்கு அது போதும்.

தெரு வளர்வதாயிருக்க, அதில் அளவுக்கோடு கிழிப்பது வளர்கிற பிள்ளையின் தோளில் கிழிப்பதற்கு ஒப்பாகும். எனவே வளராத ஒன்றில் குறித்து வையுங்கள்: பாலத்தின் கருங்கல், ரயில்வேயின் பழைய மதில், கோவிலின் அடிவரிசைக் கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று. (ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் மீட்டரில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் நமக்குத் தொலைவில் இல்லை.)

இனி வெள்ளத்தின் குறி. பெரிய வெள்ளம் வடிந்தபின் சுண்ணாம்புச் சுவரில் பழுப்புக் கோடு ஒன்று நிற்கும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து பரவியதால், எண்ணூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அந்தக் கோடு கரிய நிறத்திலேயே படிந்தது. துயரமான கோடுதான், ஆனால் அதைவிட நேர்மையான சாட்சி நமக்குக் கிடைக்காது. வெள்ளையடித்து மறைப்பதற்கு முன் அதை அளந்து எழுதி வையுங்கள். கோடு மறைந்த இடத்தில் மூத்தவர்களைக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை நம்பவேண்டாம், மூவரைக் கேளுங்கள். இடுப்பளவு என்பவரின் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோட்டைத் தெருவின் நடுமேட்டோடு ஒப்பிட மட்டக்குழாய் போதும். முப்பது, நாற்பது அடி நீளமுள்ள கண்ணாடிபோன்ற குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரின் கோட்டருகிலும் மறுமுனையை நடுத்தெருவில் நிறுத்திய கோலின் அருகிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மேஸ்திரி இதை நாள்தோறும் செய்பவர்தான். உள்ளே நிற்கும் சுவருக்குச் செய்வதை வெளியே தெருவரை ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.

அன்பர் அனுப்பிய அளவுகளைக் கொண்டு கணக்கிட்டோம். பழைய வீட்டின் தரை, நடுமேட்டுக்கு 8 அங்குலம் கீழே. சுவரில் 2023இன் கோடு, தரைக்கு 22 அங்குலம் மேலே. ஆகவே நடுமேட்டுக்கு மேல் 14 அங்குலம் நீர் நின்றிருக்கிறது. தெருவில் மூத்தவர்கள் 2015இலும் 2021இலும் இதைவிடக் குறைவாகவே நின்றது என்கின்றனராம். இத்துடன் சாலைக்காக ஒரு சாண், 9 அங்குலம். தெருவில் வெள்ளம் நிற்கும்போது லாரி ஒன்று கடந்தால் எழும் அலை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து விழுவதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த அலைக்கும், இதுவரை காணாத மழைக்கும் 7 அங்குலம். மொத்தம் 30 அங்குலம், அதாவது நடுமேட்டுக்கு மேல் இரண்டரை அடி. மகன் கேட்பது 54 அங்குலம். அவன் கேட்பதற்குக் காரணம் அச்சமேயன்றிக் கணக்கன்று. அச்சம் குற்றமன்று, இரவில் நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அவன். ஆனால் அதிகமாக ஏற்றும் இரண்டடிக்கும் விலை உண்டு.

முதல் விலை மண். கட்டடப் பரப்பு 700 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். மனை ஓரடி தாழ்ந்திருப்பதால் இரண்டரை அடித் தரைக்கு மூன்றரை அடி நிரப்பவேண்டும். 2450 கன அடி, அதாவது இருபத்துநான்கரை யூனிட். நான்கரை அடித் தரைக்கு ஐந்தரை அடி நிரப்பவேண்டும். 3850 கன அடி, முப்பத்தெட்டரை யூனிட். லாரிக்காரரின் கூலியைவிடப் பெரிய கவலை, அந்த மண் இறுகுமா என்பது. இடித்த வீட்டின் ராபிஷையே உள்ளே தள்ளி, ஒரே நாளில் மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு மழைக்குப் பின் தரை நடுவில் குழிந்து, டைல்ஸ் பிளந்து, கரையான் வழி கண்டுவிடும். அரையடிக்கு ஓர் அடுக்காக மணலோ கிராவலோ பரப்பி, நீர் விட்டு, நன்றாக இடித்து, அதன்பின் அடுத்த அடுக்கு என்றுதான் போகவேண்டும். நிரப்பும் ஆழம் கூடக்கூட இந்தப் பொறுமை குறைந்துவிடுவது மனித இயல்பு.

இரண்டாவது விலையைப் பக்கத்து வீட்டம்மாள் கொடுக்கவேண்டியிருக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய பொதுச் சுவரில் ஒருபுறம் ஐந்தரை அடி ஈரமண்ணைச் சாய்த்தால், அச்சுவர் மண்ணைத் தாங்குவதற்கென்று கட்டப்பட்டதன்று. அது வெளித்தள்ளும், மறுபுறம் ஈரம் கசியும். அவர் வீட்டுச் சுவர் ஆண்டு முழுதும் நனைந்து கிடக்க, நம் வீட்டுத் தரை மட்டும் உலர்ந்திருக்கும். எனவே எந்த உயரம் வைத்தாலும் அன்பர் தமது எல்லைக்குள் தமக்கென்று தனிச்சுவர் எழுப்பி, நிரப்பும் மண் பழைய சுவரைத் தொடாதபடி செய்யவேண்டும். இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள சந்தில் மழை இறங்காதபடி மேலே மூடவேண்டும். இயன்றால், பொதுச் சுவரை ஒட்டிய அறையில் மண்ணே நிரப்பாமல் பிளிந்த் பீம்களின்மேல் காங்கிரீட் தளம் இட்டு அடியை வெறுமையாக விடுவது நலம். செலவு கூடும், பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

முற்றத்தையும் பின்புறத்தையும் வீட்டின் தரையோடு சமமாக ஏற்றிவிடுகிறவர்கள் பலர். வீட்டுக்குள் நீர் வராமலிருக்கத் தரை உயர்ந்தால் போதும், திறந்தவெளி உயரவேண்டுவதில்லை. அதை நடுமேட்டுக்கு மேல் மூன்று அங்குலம் வைத்து, தெருவின் மழைநீர் வடிகாலை நோக்கிச் சரிவு கொடுங்கள். பின்வீட்டு நீரோ பக்கத்து வீட்டு நீரோ நெடுங்காலமாக உங்கள் மனை வழியே தெருவுக்குப் போயிருந்தால் அந்த வழியை அடைக்காதீர்கள். இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையாகவும் அனுபவித்த வழியை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமையாகவே மதிக்கிறது. நம் அன்பருக்குச் சட்டத்தைக் காட்டவேண்டிய தேவையில்லை என்றாலும், அவருடைய மேஸ்திரிக்குக் காட்டவேண்டியிருக்கலாம். புதுக் கட்டுமானத்தின்போதே தம் முற்றத்தின் அடியில் ஆறங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, அம்மாளின் முற்றத்து நீரையும் வடிகாலுக்குக் கொண்டுபோய் விட்டால், மொத்தச் செலவில் அது தெரியவும் தெரியாது. பாதாளச் சாக்கடையில் மட்டும் மழைநீரை விடாதீர்கள்.

அமெரிக்க நாட்டில் டெக்சாஸ் கடற்கரையிலுள்ள கால்வெஸ்டன் நகரை 1900 செப்டம்பரில் பெரும்புயல் அழித்தது. ஆறாயிரத்துக்குக் குறையாத உயிர்கள் மாண்டன. எஞ்சியவர்கள் கடலோரத்தில் சுவர் எழுப்பியதோடு, 1903 முதல் 1911 வரை நகரின் தரையையே உயர்த்தினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடியில் கடல்மணலை நீரோடு கலந்து குழாய்வழி பாய்ச்சி நிரப்பினர். அங்குள்ள புனித பத்திரிசியார் ஆலயம் மூவாயிரம் டன் எடையுள்ளது. அதையும் எழுநூறு ஜாக்கிகள் வைத்து ஐந்தடி உயர்த்தினர். அங்கே தெரு, சாக்கடை, வீடு, கோவில் எல்லாம் ஒரே திட்டத்தில் சேர்ந்து எழும்பின. நம் தெருவிலோ வசதியுள்ளவர் முதலில் எழும்புகிறார். அடுத்தவர் அவரைவிட ஓரடி கூட வைக்கிறார். கடைசியில் கட்ட இயலாதவர் வீடு குளமாகிறது. இந்நாளில் சென்னையிலும் ஜாக்கி வைத்துப் பழைய வீடுகளை மூன்றடி, நான்கடி தூக்குகிறார்கள். தனித்து நிற்கும் வீட்டுக்கு அது வழியாகலாம். பொதுச் சுவர் உள்ள வீட்டில் ஒரு பாதியை மட்டும் எப்படித் தூக்குவது?

நீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். தெருவின் மேன்ஹோல் மூடியைவிட உங்கள் கழிவறைத் தரை தாழ்ந்திருந்தால், சாக்கடை நிரம்பும்போது அது மூடி வழியே பொங்குவதற்கு முன் உங்கள் கழிவறை வழியே பொங்கும். வாசலில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்த பலர் பின்கட்டில் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே மூடியின் மட்டத்தையும் மட்டக்குழாயால் பாருங்கள். வீட்டிலிருந்து வெளியேறும் குழாயில் நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்றும் வையுங்கள். இரண்டரை அடித் தரைக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. ஆனால் சம்ப் என்னும் நிலத்தடித் தொட்டியின் வாயை முற்றத்தோடு சமமாக வைத்துவிடுகிறார்கள். தரையெல்லாம் தப்பித்து, குடிநீரில் சாக்கடை கலந்தால் என்ன பயன்? தொட்டியின் வாயை வெள்ளக் கோட்டுக்கு மேலே, குறைந்தது வீட்டுத் தரையின் மட்டத்துக்கு எழுப்பி மூடுங்கள். மின்சார மீட்டரையும் பம்பு சுவிட்சையும் ஆளுயரத்தில் வையுங்கள். மகன் கேட்கும் கூடுதல் இரண்டடிப் பாதுகாப்பு இவற்றால் மலிவாகவே கிடைத்துவிடும்.

இனித் தாயாரின் முழங்கால். முற்றம் நடுமேட்டுக்கு மேல் மூன்று அங்குலம். வீட்டுத் தரை முப்பது. இடையில் ஏறவேண்டியது 27 அங்குலம். சக்கர நாற்காலிக்குரிய சாய்தளமென்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். இருபத்தேழு அடி நீளத்துக்கு இந்த மனையில் இடமில்லை. மேஸ்திரிகள் வழக்கமாக ஏழு அங்குலப் படி நான்கு வைத்து முடித்துவிடுவார்கள். இளையவர்களுக்கு அது சரி. தாயாருக்கு நாலரை அங்குலப் படி ஆறு வையுங்கள். ஒவ்வொன்றின் அகலமும் ஓரடி. இருபுறமும் பற்றிக்கொள்ளக் கைப்பிடி. மூன்று படி ஏறியதும் நான்கடி அகலத்தில் ஒரு திண்ணை, அதன்பின் மூன்று படி. மூன்று படிக்குமேல் ஏற முடியாது என்றுதானே அவர் சொன்னார்? திண்ணையில் சற்று உட்கார்ந்து தெருவைப் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் ஏறட்டும். அந்தத் திண்ணையின் உயரம் நடுமேட்டுக்கு மேல் பதினாறரை அங்குலம் வருவதால், 2023இன் வெள்ளத்திலும் அது நனைந்திராது. படிகள் முழுவதும் மனைக்குள்ளேயே அடங்கவேண்டும். தெருவில் நீட்டி வடிகாலின்மேல் படி கட்டுகிறவர்கள்தாம் பிறகு வடிகால் அடைத்துக்கொண்டதென்று மாநகராட்சிக்கு மனு எழுதுகிறார்கள். வரைபடத்தில் திண்ணையைக் காட்டித் திருத்திய அனுமதி பெறுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மணற்பாங்கான நிலம், கடலும் அருகில். அங்குள்ள சுவரின் கோட்டை அங்கேயே அளந்து பாருங்கள். பாறைமேல் கட்டிய வீட்டின் உவமையை நம்மில் அறியாதவர் இல்லை. வடசென்னையில் தோண்டினால் களியும் மணலும்தான் கிடைக்கின்றனவாதலின், கடைக்காலின் ஆழத்தை மண் பரிசோதனைக்குப் பின் பொறியாளரே முடிவு செய்யட்டும். உயரத்தைப் பற்றியே இங்கு எழுதினோம்.

அன்பர் தை மாதத்தில் கடைக்கால் தோண்டப்போவதாக எழுதுகிறார். அதற்குமுன் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. பழைய வீட்டின் வாசற்சுவரில் அங்குலக் கோடுகள் இட்ட பலகை ஒன்றை ஆணியடித்து, பெருமழை பெய்யும் நாள்களில் நீர் எந்தக் கோட்டில் நின்றது, எத்தனை மணிக்கு வடியத் தொடங்கியது என்று மகனையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டம்மாளின் முற்றத்திலும் ஒரு பலகை வையுங்கள். நீர் நடுமேட்டுக்கு மேல் 14 அங்குலத்தைத் தாண்டினால் உடனே எமக்கு எழுதுங்கள். கணக்கைத் திரும்பப் போடுவோம்.